இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே

"பந்து உள்ள வந்ததுக்கு நான் பொறுப்பில்ல கேப்டன். ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு லாரியே போகும்!" என்றான் கோல்கீப்பர், ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துவட்டிக்கொண்டே.

அவன் சொன்னது பொய்யில்லை. ஆளுக்கொரு சின்னப் படகில் உட்கார்ந்து, பந்தை எறிந்து பிடித்து, தண்ணீருக்கு மேலே தொங்கும் வலைக்குள் போடும் ஆட்டம் படகுப் போலோ. அணிக்கு ஐந்து பேர். வலைக்கு அடியில் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தவம் கிடப்பது கோல்கீப்பரின் வேலை. அவனுக்கு முன்னால் இடப்பக்கம் நம்பர் இரண்டு, வலப்பக்கம் நம்பர் நான்கு. இதுவரை வாங்கிய கோல்களில் பாதி, அந்த இருவருக்கும் நடுவே ராஜநடை போட்டு வந்தவை.

பேக்கரியில் பிரெட் சுடும் அவன் இந்த அணிக்கு வந்து மூன்றே வாரம்தான் ஆகிறது. இங்கே குளத்தில் இறங்கிவிட்டால் எல்லோருக்கும் நம்பர்தான் பெயர். நம்பர் இரண்டு தையல் கடை வைத்திருக்கும் அம்மாள், நம்பர் நான்கு லாரி ஓட்டுபவர். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. தனித்தனியாகப் பார்த்தால் இருவரும் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். கீரியும் பாம்புமாவது சீறிக்கொள்ளும், இவர்களிடம் அதுவும் கிடையாது. நான்கு பந்தைத் துரத்திக்கொண்டு முன்னால் போய்விடுவார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இரண்டு அந்தக் காலி இடத்தைப் பார்ப்பார், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கேப்டனிடம் மட்டும் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு குழைவார்கள். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு பிளாஸ்கில் டீ கொண்டுவந்து நீட்டுவார்கள். 'நல்லாத்தான் காக்கா பிடிக்கறாங்க' என்று கோல்கீப்பர் நினைத்துக்கொள்வான். மூன்றாம் நம்பர் சட்டை போட்ட அந்த இளம் கேப்டன், இரண்டு டீயையும் சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பாள்.

"ஞாயித்துக்கிழமை தோத்தா நாமதான் கடைசி. கடைசி டீமுக்குக் குளத்துல நேரம் குடுக்க மாட்டாங்க. அப்புறம் யாரும் யாரையும் பாக்கவே முடியாது" என்றாள் கேப்டன். சொல்லும்போதே குரல் கம்மியது.

ஒரு விளையாட்டுக்காக இப்படிக் கலங்குவார்களா? பாவமாக இருந்தது அவனுக்கு. "நீங்க பின்னால வந்து நடுவுல நின்னுடுங்க கேப்டன். ஓட்டை அடைஞ்சுடும்."

"எத்தன நாளைக்கு நானே நடுவுல நிக்கறது?" என்று சுள்ளென்று விழுந்தாள். பிறகு விசிலை ஊதி, இரண்டையும் நான்கையும் படகோடு வரவழைத்தாள்.

"இன்னிலேர்ந்து புது விதி. இடத்தை விட்டுப் போறவங்க, 'போயிட்டு வரேன்'னு சத்தமா சொல்லணும். பக்கத்துல இருக்கறவங்க, 'சரி, நான் பாத்துக்கறேன்'னு பதில் சொல்லணும். சொல்லலன்னா ரெண்டு பேருக்கும் குளத்தைச் சுத்தி இருபது சுத்து."

"யார்கிட்ட சொல்லணும்?" என்றார் நான்கு, வானத்தைப் பார்த்து.

"காது இருக்கறவங்ககிட்ட" என்றார் இரண்டு, தண்ணீரைப் பார்த்து.

"ஆஹா, பேச்சு வந்துடுச்சே!" என்று வாயைக் கொடுத்த கோல்கீப்பருக்குத்தான் முதல் இருபது சுற்று கிடைத்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தவன், "இது எந்தப் புத்தகத்துல இருக்கற விதி கேப்டன்?" என்று கேட்டான்.

"இருக்கு. நீங்க துடுப்பைத் தூக்குங்க."

அன்றைக்கும் மறுநாளும் இரண்டும் நான்கும் வாயே திறக்காமல் இருபது இருபது சுற்று போட்டார்கள். மூன்றாம் நாள் கை வலி தாங்காமல் முணுமுணுத்தார்கள். சனிக்கிழமை அந்த முணுமுணுப்பு கோல்கீப்பர் வரைக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருந்தபோது கோல் கணக்கு இரண்டுக்கு இரண்டு. எதிரணியின் முரட்டு ஆள் ஒருவன் பந்தோடு வலப்பக்கம் ஒதுங்கினான். நான்கின் படகு விருட்டென்று கிளம்பியது. போச்சு, திறந்துவிட்டார் என்று கோல்கீப்பர் பல்லைக் கடித்தான்.

"போயிட்டு வரேன்!"

குளமே அதிர்ந்தது.

"சரி, நான் பாத்துக்கறேன்!"

இரண்டின் படகு வழுக்கிக்கொண்டு நடுவே வந்து நின்றது. முரட்டு ஆள் எறிந்த பந்து அவர் துடுப்பில் பட்டுத் தெறித்தது. அதை எடுத்து நான்குக்கு வீசினார். நான்கு கேப்டனுக்கு வீசினார். கேப்டன் எறிந்த எறியில் வலை குலுங்கியது.

ஜெயித்துவிட்டார்கள்! கரையில் கோல்கீப்பர் அகப்பட்டவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தான்.

எல்லாம் அடங்கியதும் நான்கு தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வழக்கமாக யாரிடமும் சொல்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிடுகிறவர், இன்றைக்கு இரண்டின் எதிரே வந்து நின்றார்.

"போயிட்டு வரேன்."

இரண்டு துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தார். "இத மூணு மாசத்துக்கு முன்னாடி சொல்லிட்டுப் போயிருந்தா என்னவாம்?"

"சொல்லியிருந்தா, சரின்னு விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "போனதெல்லாம் போதும். பையை இப்படிக் குடுங்க, வீட்டுக்குப் போகலாம்."

கோல்கீப்பருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "கேப்டன், என்ன நடக்குது இங்க?" என்று கிசுகிசுத்தான்.

இரண்டு கைகளிலும் இரண்டு பிளாஸ்குகளோடு நின்றிருந்த கேப்டன், கண்களைத் துடைக்கவும் கையில்லாமல், ஒன்றை அவனிடம் திணித்துவிட்டு ஓடினாள்.

"அம்மா! அப்பா! நில்லுங்க, நானும் வரேன். நாளையிலேர்ந்து எனக்கு ஒரு பிளாஸ்க் டீ போதும்!"