திட்டினால்தான் திறக்கும்

இப்பல்லாம் ஒருத்தனுக்கும் சும்மா விளையாடத் தெரியல, எல்லாம் பழைய காலம் மாதிரியே நடக்கணுமாம். என் மகன் செல்வகணபதிக்கு வயசு நாற்பத்தெட்டு. சின்ன வயசு வீடியோ கேம் பெட்டியை டிவியில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். அந்தக் காலத்தில் அது கேட்டுப் பழகிய அப்பா குரல் மறுபடி திட்டினால்தான் திறக்குமாம்.

“போய்ப் படிடா, கழுதை!” என்றேன்.

“இது அப்பா குரல் இல்லை” என்றது பெட்டி.

மகன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

“அப்ப உன்னை எவன்டா திட்டினான்?”

“தங்கராசு மாமாதான். நீங்க மஸ்கட்ல இருந்தீங்களேப்பா.”

“இந்தப் பெட்டியை அங்கிருந்து வாங்கி அனுப்பினதே நான்தான்டா!”

“அது இதுக்குத் தெரியாதே” என்று மாமனுக்குப் போன் போட்டான்.

என் மச்சான் போனிலேயே ஒரு அதட்டல் போட்டான். பெட்டி உடனே திறந்துகொண்டு, “வணக்கம், அப்பா” என்றது.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பெட்டி சொல்லிட்டா ஆச்சா?