கதவில் இடித்த காயம்

செல்வக்கனி வீட்டுப் பேசும் சுவரிடம் பொய் செல்லாது. புருஷன் அடித்து நெற்றி வீங்கிய அன்று, "என்னம்மா ஆச்சு?" என்று அது கேட்டது. "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். குரலிலேயே பொய்யைக் கண்டுகொண்டு, சைரனை அலறவிட்டு, மகளிர் காப்பகத்திலிருந்து வண்டியை வரவழைத்ததும் அந்தச் சுவர்தான்.

காப்பகத்தில் ஒருநாள், ஈரத்துணி வாளியோடு மாடியேறியவள் கதவில் நங்கென்று முட்டிக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றது அங்கிருந்த சுவர்.

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்னத்தைச் சொல்ல? "கதவுல... இடிச்சுக்கிட்டேன்." சைரன் அலறப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரிம்மா. ஐஸ் வைங்க" என்றது சுவர்.

சத்தம் கேட்டுக் காப்பகப் பொறுப்பாளர் மரியபுஷ்பம் ஓடிவந்தபோது, செல்வக்கனி வாளியைக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தத் தடவ நெசமாவே கதவுதாங்க்கா!"