இருமல் நின்ற பிறகு

அசைகிறது.

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

அசைந்துகொண்டுதான் இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் மேசையில் கிடப்பவர் சுந்தரமகாலிங்கம். நூற்பாலைத் தொழிலாளி. விடிந்து பார்த்தபோது படுக்கையில் இறந்து கிடந்திருக்கிறார். யாரோ ஒரு புண்ணியவான் போலீஸில் சந்தேகம் கிளப்ப, பிரேதப் பரிசோதனைக்கு வந்துவிட்டார்.

இவள் இங்கே டாக்டர். ஒருவர் எப்போது இறந்தார் என்று கணிக்க இன்னும் நல்ல வழி உண்டா என்று ஆராய்கிறவள். அதற்காகத்தான், வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, அவருடைய மூக்கின் உட்சுவரை லேசாகச் சுரண்டி எடுத்தாள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர். அதில் அந்தச் சுரண்டல்.

உயரமான செல்கள், நெரிசலில் நிற்பவர்களைப் போலத் தோளோடு தோள். பார்த்தால் பல அடுக்காகத் தெரியும். உண்மையில் ஒரே அடுக்கு.

நடுநடுவே கோப்பைச் செல்கள். அவற்றில் சளி.

மற்றவற்றின் தலையில் மயிர் போன்ற குறு இழைகள்.

அந்த இழைகள்தான் அசைகின்றன. எல்லாம் ஒரே திசையில். தூசி ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும் வேலை அவற்றுக்கு.

சளியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

இதயம் நின்றாயிற்று. மூளை நின்றாயிற்று. இவை இன்னும் மில் பஞ்சைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். எபிதீலியம் என்கிற இந்தச் செல் அடுக்குக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. கீழேயிருந்து கசிவதை வைத்துத்தான் பிழைப்பு. செத்த சேதியும் அதற்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும்.

படித்தபோது இதில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்குப் பயமாக இருந்தது.

வெளியே பெஞ்சில் குருவம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். அவருடைய மனைவி. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் ஒரே கேள்வி.

எப்போது போனார்?

முன்னிரவில் இருமல் பிடுங்கி எடுத்ததாம். பிறகு சட்டென்று நின்றதாம். அப்பாடா என்று கண்ணயர்ந்துவிட்டாளாம். வந்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இருமல் நின்றபோதே உயிர் போயிருந்தால் குருவம்மாள் தப்பித்தாள். எழுப்பி உட்கார வைத்திருந்தாலும் பயனில்லை, ஆட்டோ பிடித்து ஓடியிருந்தாலும் பயனில்லை.

இல்லை என்றால்?

இல்லை என்றால், இருமக்கூடத் தெம்பில்லாமல் போய்த்தான் அந்த வீடு அமைதியாகியிருக்கிறது. அந்த அமைதியில்தான் குருவம்மாள் தூங்கியிருக்கிறாள்.

முன்னிரவில் போனவர் என்றால் இந்நேரம் இழைகள் தளர்ந்திருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துடிக்கும். இவை அசராமல் அடித்தன. காலையில் வேலைக்கு வந்தவர்களின் சுறுசுறுப்பு.

விடியும்வரை அவர் இருந்திருக்கிறார்.

"நின்னு தொலையேன்" என்றாள் வாய்விட்டு.

இழைக்குக் காதா இருக்கிறது?

கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். குருவம்மாள் எழுந்து நின்றாள்.

"டாக்டரம்மா, எப்பம்மா போனாரு?"

"இருமல் நின்னப்பவேம்மா. தூக்கத்துலயே போயிருக்காரு. நீங்க முழிச்சிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

சொல்லிவிட்டாள். சொன்னதும் மனசு கொஞ்சம் லேசானது. அறிக்கையில் உண்மையைத்தான் எழுதப்போகிறாள். அதை யார் இந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறார்கள்?

குருவம்மாள் அழவில்லை. கேட்டது எங்கோ இடித்திருக்க வேண்டும். நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்ப, விடியக்காலம் மில்லுச் சங்கு ஊதுனப்ப எங் கையப் புடிச்சாரே?"

டாக்டருக்கு வாய் உலர்ந்தது. பயந்தால் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வேலை நிறுத்தம் செய்துவிடும் என்று மாணவர்களைச் சிரிக்கவைத்துப் பாடம் எடுப்பவள். இப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"சில நேரம் உடம்பு தானா அசையும்மா. உயிர் போனப்புறமும்."

முழுப் பொய் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

குருவம்மாள் தலையாட்டினாள். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற தலையாட்டல். பிறகு எட்டி டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இப்பிடித்தாம்மா புடிச்சாரு."

வலித்தது.

"நாந்தேன் தூக்கக் கலக்கத்துல, இருமல்தான் நின்னுருச்சுல்ல, பேசாமத் தூங்குங்கன்னு சொன்னேன்."

அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"சொன்னதும் விட்டுட்டாரேம்மா."