நாற்பதுக்கு மேல் போகாத கார்

"பிரேக்க மிதிச்சா காலை உதறுதுன்னு எத்தன தடவ சொல்லுதேன்! நீ வண்டி பாக்கியா, இல்ல வெளாடுதியாலே?"

சுந்தரபாண்டியன் கார்ச் சாவியை மேஜை மேல் எறிந்தார். இதோடு நாலாவது தடவை.

மெக்கானிக் எபனேசருக்கு முகம் வெளிறிப் போனது. ராஜபாளையத்தில் ஷெட் போட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. வந்திருப்பவரோ ரிட்டயர்டு டிராஃபிக் எஸ்.ஐ. ஊரே மதிக்கிற மனிதர். டீக்கடையில் நின்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்புறம் ஷெட்டில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

"எப்பெப்ப சார் உதறுது?"

"திடீர் திடீர்னு. கர்ர்ர்னு ஒரு சத்தம் வேற."

"அப்ப என்ன வேகத்துல போவீங்க?"

"திரும்பத் திரும்ப அதையே கேளு! நாப்பதுக்கு மேல நான் போனதே இல்ல. முப்பத்தஞ்சு வருசம் ரோட்டுல நின்னவன்ட்ட கேக்குற கேள்வியா இது?"

அந்த நாற்பதுதான் எபனேசரின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

சடாரென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல், விட்டு விட்டுப் பிடிக்கிற ஏற்பாட்டுக்குப் பெயர்தான் ஏபிஎஸ். அது வேலை செய்யும்போது காலுக்கடியில் உதறத்தான் செய்யும். ஆனால் அது கண்மண் தெரியாமல் வந்து மிதிக்கிறவனுக்கு. காய்ந்த ரோட்டில் நாற்பதில் போகிற பெரியவருக்கு எதற்கு உதற வேண்டும்?

முதல் தடவை பிரேக் டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் கொடுத்துச் சீராக்கினான். அடுத்த தடவை சக்கரத்துச் சென்சார்களைத் துடைத்து மாட்டினான். மூன்றாம் தடவை சென்சார்களையே மாற்றிவிட்டான். ஸ்கேனரைச் செருகினால் ஒரு குறையும் காட்டவில்லை. டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கும் எரியவில்லை. அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தும் போய்ப் பார்த்தான். சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கல்யாண ஊர்வலக் கார் மாதிரி ஓட்டினார் மனிதர். முந்திப் போனவனையெல்லாம் வேறு திட்டிக்கொண்டே வந்தார். ஒன்றும் உதறவில்லை.

மறுநாளே போன் வந்தது. "ஏலே, உதறிருச்சு!"

அன்று மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி ரெனிட்டாவிடம் புலம்பினான். "ஒருவேளை அவரு வேகமாத்தான் போறாரோ?"

"வாயக் கழுவுங்க. ஹெல்மெட் போடலைன்னு சொந்த மச்சானுக்கே ஃபைன் போட்டவரு. அம்புட்டுப் பெரிய மனுசன் பொய்யா சொல்லப் போறாரு?"

அதுவும் சரிதான். எபனேசர் தன்னையே நொந்துகொண்டான். தொழில் தெரியாதவன் ஆளைக் குறை சொல்லலாமா?

இப்போது சாவியை எறிந்த கையோடு சுந்தரபாண்டியன் கெடு வைத்தார். "ரெண்டு நாள் தாரேன். சரியாகலைன்னா அந்த ஏபிஎஸ்ஸையே புடுங்கிப் போட்டுரு. அது இல்லாமத்தான் நான் அம்புட்டு வருசம் ஜீப்பு ஓட்டுனேன்."

எபனேசருக்கு வேறு வழி தெரியவில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவனிடம் இரவல் வாங்கிய ஒரு சின்னப் பெட்டியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினான்.

"உதறுற நேரத்துல எந்தச் சக்கரம் என்ன பண்ணுதுன்னு இது பதிஞ்சு வச்சுக்கிடும் சார்."

"என்னத்தையும் செருகு. எனக்கு உதறக் கூடாது."

மூன்றாம் நாள் காலையில் கார் வந்து நின்றது. இந்தத் தடவை சாவி பறக்கவில்லை. சுந்தரபாண்டியன் அதை மெதுவாக மேஜை மேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அதுவே எபனேசருக்கு என்னவோ போல் இருந்தது.

பெட்டியை எடுத்து லேப்டாப்பில் மாட்டினான். பார்த்தான். பெட்டிதான் பழுதோ என்று கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தான். அதே எண்தான் வந்தது.

வேகம் நூற்று நாலு. அங்கிருந்து நாலே விநாடியில் பூஜ்யம். நாலு சக்கரத்தில் ஒன்றுகூடப் பூட்டவில்லை.

"சார், நேத்துக் காலையில எட்டே முக்காலுக்கு எங்க போயிட்டிருந்தீங்க?"



"ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல, மடவார்வளாகத்துக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றார் சுந்தரபாண்டியன். "பொம்பளப் புள்ள ஒண்ணு சைக்கிள்ல குறுக்க வந்துருச்சு. கால் உதறுச்சு. ஆனா ஒரு சாண் இருக்கையில வண்டி நின்னுருச்சு."

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல. சைக்கிளோட விழுந்து, பயந்து அழுதுச்சு. பொறவு எந்திரிச்சுப் போயிருச்சு."

 அவர் சொன்ன அன்றைக்கே ஏபிஎஸ்ஸுக்கான பியூஸைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எபனேசர் நினைத்துப் பார்த்தான்.

"வண்டில கோளாறே இல்ல சார். அந்த உதறல்தான் புள்ளையக் காப்பாத்திருக்கு."

வேகத்தைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. லேப்டாப்பை மட்டும் அவர் பக்கம் திருப்பி வைத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தார். நாற்பது என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"அம்புட்டு அவசரமா எங்க சார் போனீங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துக்கு. ஒம்பது மணிப் பிரேயர்ல பேசக் கூப்ட்டிருந்தாங்க. நேரமாயிருச்சு."

"எதப் பத்தி சார் பேசுனீங்க?"

சுந்தரபாண்டியன் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"சாலைப் பாதுகாப்பு. பேசி முடிச்சதும் பள்ளிக்கூடமே கை தட்டுச்சு. முன்வரிசையில நின்ன அந்தச் சைக்கிள் புள்ள மட்டும் தட்டல."