வரிசையில் அடுத்த ஆள்

வாயைத் திறந்து வைத்திருந்தார். கஞ்சி வரவில்லை.

கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. மரிவிக்கின் கண் கைப்பேசியில் இருந்தது. மைலோ டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசி. அதற்குள் ஒரு மண்டபம். பிளாஸ்டிக் நாற்காலிகள். மரிவிக்கின் முகச்சாடையில் ஒரு கூட்டம்.

"தாத்தா, பாரு! அதான் என் தாத்தா. எங்க பாஷைல லோலோ!"

வருஷக்கணக்காக அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டுகிற பெண். பிலிப்பைன்ஸ்காரி. தமிழெல்லாம் மலேசியாவில் இந்தக் கிள்ளான் வீட்டில் பொறுக்கியது. தன்னைத் தவிர இவளுக்கு இன்னொரு தாத்தா இருப்பான் என்று அவர் நினைத்ததே இல்லை.

வாயை மூடிக்கொண்டார்.

மேடையில் ஒரு கிழவன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. தலையில் படகு மாதிரி தொப்பி. பல் வரிசையாக இருந்தது. கட்டுப்பல்லாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"அமெரிக்கா மெடல் குடுக்குது, தாத்தா. ஜப்பான் சண்டைல லோலோ அவங்க பட்டாளத்துல இருந்துச்சு. இப்பத்தான் குடுக்குது. செத்தவங்களுக்குப் போட்டோகிட்ட குடுக்குது."

குணாளன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அவள் பின்னால் நின்றான். அவர் பெற்ற மகன். மேசையில் கேக் இருந்தது. அவன்தான் வாங்கி வந்தான், மரிவிக்கின் தாத்தாவுக்காக. போன வாரம் தன் பிறந்தநாள் வந்தது. அதற்குக் கேக் இல்லை. சர்க்கரை இருக்கிறதாம்.

மைக்கில் யாரோ படித்தார்கள். மரிவிக் துண்டு துண்டாகத் தமிழாக்கினாள்.

"லோலோவ ஜப்பான் பிடிச்சுருச்சு. நடக்க வச்சுச்சு. கேம்ப். சாப்பாடு இல்ல. ரொம்ப அடி."

அவரையும் நடக்க வைத்தார்கள். அடி.

அவர் வேட்டியை இழுத்து முழங்காலுக்குக் கீழே மூடினார். அங்கே ஒரு பள்ளம் உண்டு. ஜப்பான்காரன் பிடித்துப்போன சயாம் காட்டில் புழு வைத்த புண். கரண்டியால் சுரண்டி எடுத்தார்கள், நாலு பேர் அழுத்திப் பிடிக்க. எண்ணெய் தேய்க்கும்போது ஒருமுறை மரிவிக் கேட்டாள். நாய் கடித்தது என்றார்.

மகன் அதுகூடக் கேட்டதில்லை.

ஒரு ராணுவ அதிகாரி குனிந்து கிழவன் நெஞ்சில் பதக்கத்தைக் குத்தினார். விறைப்பாக நிமிர்ந்து சல்யூட் அடித்தார். மண்டபம் எழுந்து கைதட்டியது.

குணாளனும் கைதட்டினான்.

கைப்பேசிக்கு முன்னால் நின்று, அதற்குள் இருப்பவனுக்கு. பலமாக. கண்கூடக் கலங்கியிருந்தது.

அவர் கரண்டியைப் புறங்கையால் ஒதுக்கினார். பசி இல்லை.

அங்கே கைப்பேசி வைத்திருந்த பெண் கிழவன் பக்கத்தில் போனாள். திரை முழுக்க அந்த முகம். பதக்கம் மின்னியது. மரிவிக் டின்னோடு சேர்த்துக் கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினாள்.

"லோலோ கேக்குது. தாத்தா சண்டைல எங்க இருந்துச்சாம்?"

அவர் தொண்டையைச் செருமினார். எங்கிருந்து தொடங்குவது?

அதற்குள் மகன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

"இவரா? சண்டைக்கெல்லாம் போகல லா. சயாம்ல தண்டவாளம் போட்டாரு. கூலி வேல."

மரிவிக் அதை அவள் பாஷையில் சொன்னாள். கிழவன் தலையாட்டினான். மரியாதையாகத்தான்.

அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

அவர் முன்னால் சாய்ந்தார். அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"பங்கோ!"

மரிவிக் கரண்டியைக் கீழே போட்டாள்.

ஜப்பான்காரன் காலையிலும் மாலையிலும் போடுகிற சத்தம் அது. போட்டால் வரிசையில் நின்று எண் சொல்ல வேண்டும், அவன் பாஷையில். முதல் ஆள் ஒன்று. அடுத்த ஆள் இரண்டு. எவன் குரலாவது வராமல் போனால், அவனுக்கு முன்னால் சொன்னவன் முதுகில் மூங்கில் விழும்.

திரையில் கிழவன் எழுந்துவிட்டான்.

கைத்தடி எங்கோ விழுந்து உருண்டது. தொப்பி சரிந்தது. இரண்டு கையும் தொடையோடு ஒட்டின.

"இச்சி!"

ஒன்று.

அங்கே யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். கைதட்டல் ஓய்ந்தது.

கிழவன் அசையவில்லை. கண் மட்டும் பக்கத்தில் போய்த் தேடியது. பக்கத்தில் யாரும் இல்லை. தோள் குறுகியது. முதுகு மெல்ல வளைந்தது, வருவதை வாங்கிக்கொள்ள.

அந்த முதுகு அவருக்குத் தெரியும்.

தன் தொண்டையிலிருந்து வந்தது எவன் குரல் என்பது அப்போதுதான் உறைத்தது.

"லோலோ... லோலோ..." மரிவிக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தாத்தா, என்ன சொன்ன நீ? என்ன சொன்ன?"

"என்னப்பா இது?" என்றான் குணாளன்.

அவர் சக்கர நாற்காலியின் கைப்பிடியை அழுத்தினார். இரண்டு பேர் தூக்காமல் அவர் எழுந்து வெகுகாலம் ஆகிறது. கஞ்சிக் கிண்ணம் கவிழ்ந்து வேட்டியில் ஊற்றியது. மகன் பிடிக்க வந்தான். முழங்கையால் இடித்துத் தள்ளினார்.

நின்றார்.

வேட்டி விலகிக் காலில் பள்ளம் தெரிந்தது. மூடவில்லை. கைகளைத் தொடையோடு ஒட்டினார். கிழவனுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் திரையை விட்டு முகத்தை நேராகத் திருப்பிக்கொண்டார்.

மூங்கில் விழுவதற்குள் சொல்லியாக வேண்டும்.

வாயைத் திறந்தார்.