முனிசாமி வாயில் வந்த பேர்

“காஞ்சனா யாரும்மா? உங்க அம்மாவா?”

பேச்சுப் பயிற்சி தரும் ரூபா மேடம் இயல்பாகத்தான் கேட்டாள். சிவசங்கரிக்குத்தான் முகம் சுருங்கிப் போனது.

“இல்ல மேடம். எங்கம்மா பேரு வெங்கடலட்சுமி.”

அவள் அப்பா முனிசாமி பக்கவாதத்தில் பேச்சை இழந்து ஒன்பது மாதமாகிறது. வாரம் மூன்று நாள் வெதுருகுப்பத்திலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறாள். தலையில் ஈரப் பஞ்சோடு ஒயரை மாட்டி, லேசாகக் கரண்ட் விட்டுக்கொண்டே ரூபா படம் காட்டிப் பேச வைப்பாள். பயிற்சியோடு கரண்டும் சேர்ந்தால் மூளை விழித்துக்கொள்ளலாம் என்றார்கள். விழித்துக்கொண்டு என்ன சொல்கிறது பாருங்கள்! மாட்டைக் காட்டினால் “காஞ்சனா.” குடத்தைக் காட்டினாலும் “காஞ்சனா.”

“ஒரு வார்த்தை வந்ததே பெரிசு. அடுத்த வாட்டி அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. வீட்ல அவங்கதானே பழக்கணும்?”

“அவங்களுக்கு பஸ்ஸு ஒத்துக்காது மேடம்” என்று கூசாமல் புளுகினாள்.

வெளியே வந்ததும் பாபுவுக்குப் போன் போட்டாள். சித்தூரில் மாம்பழக்கூழ் பேக்டரியில் அப்பாவோடு பதினைந்து வருடம் வேலை செய்தவர். சீசன் வந்துவிட்டால் இருவரும் மாதக்கணக்கில் அங்கேயேதான் கிடப்பார்கள்.

“மாமா, பேக்டரில காஞ்சனான்னு ஆராச்சும் இருந்தாங்களா?”

“காஞ்சனாவா... அப்டி ஆரும் இல்லியேம்மா. ஏன் கேக்கற?”

ஏன் இப்படி இழுக்கிறார்? எதையாவது மறைக்கிறாரோ? ஒன்பது மாதமாகச் சோறு ஊட்டி, குளிப்பாட்டி விடுகிறாள் அம்மா. இது காதில் விழுந்தால் ஒடிந்தே போய்விடுவாள். நல்ல வேளை, வீட்டில் அப்பா வாயே திறக்கவில்லை.

ஆனால் அடுத்த முறை அம்மாவே புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

“மேடம் போன் பண்ணாங்கடி. என்னிய கூட்டினு வரச் சொன்னாங்களாமே, நீ ஏன் சொல்லல?”

சிவசங்கரி ஆஸ்பத்திரியில் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒயர் மாட்டியாயிற்று. ரூபா படத்தை எடுப்பதற்குள் முனிசாமி மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“காஞ்சனா.”

சிவசங்கரி குறுக்கே வந்து நின்றாள். “நைனா சும்மா ஒளறுதும்மா. நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத...”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“முப்பது வருசமாச்சே. இன்னும் ஞாபகம் வச்சிக்கினு கீறியா நீ?”

“அப்ப உனக்குத் தெரியுமா? ஆரும்மா அவ?”

அம்மா அப்பாவின் கையை விடாமலே திரும்பினாள்.

“ஜாதகம் ஏது நமக்கு? பேரு ராசிதான் பாத்தாங்க. அது ஒத்துவர்லன்னு தாலி கட்ற அன்னிக்கு வெங்கடலட்சுமின்னு மாத்திட்டாங்க. அதுக்கு முன்னால நான் காஞ்சனாதான்டி.”