ஞானதுரையை ஏற்றாத லிஃப்ட்

சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, குடியிருப்பின் லிஃப்ட் ஞானதுரையை ஏற்ற மறுத்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும். அதை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தினமும் எட்டு மாடி ஏறினார். மூச்சு வாங்க நின்ற இடங்களில் வீட்டுக் கதவுகள் திறந்தன. இரண்டாம் மாடியில் ஒரு டம்ளர் மோர் கிடைத்தது. ஐந்தாம் மாடியில் சம்சுதீன் பாய் கேரம் பலகையோடு உட்கார்ந்திருந்தார்.

பத்தாவது மாதம் லிஃப்ட் தானாகவே திறந்தது.

"வாங்க சார்! சர்க்கரை நல்லா இறங்கிடுச்சு. இனிமே தாராளமா ஏறலாம்."

ஞானதுரைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காய்கறிப் பையை மட்டும் உள்ளே வைத்தார்.

"இதை எட்டாவது மாடியில இறக்கிடு. என் சம்சாரம் கேட்டா, வர நேரமாகும்னு சொல்லு. பாய் காத்திருக்காரு. சிவப்புக் காயை இன்னிக்கு நான்தான் போடணும்!"